விட்டுப்போன வாடிக்கைக்காரர்



நூல் வெளியீட்டுத் தொழிலைப் பற்றி ஆண்டுதோறும் ஒருவர் பேசவேண்டும் என்பது இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நியதி. காகித விலை, அச்சுக்கூலி, நூலக ஆணை, பாடப்புத்தகம் என்று நமக்கு நித்தியம் பழகிய விஷயங்களை இன்று ஒரு புறம் வைத்துவிட்டு, அமெரிக்க தேசத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தோன்றி இன்றைக்கும் சிறு துறையாகவே இருந்துவருகிற ஒரு விசித்திரமான பதிப்புத் தொழிலைப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் தம்முடைய புத்தகங்களை ஆசையோடு வாங்கிப் பின்னர் வாங்காமல் நின்றுவிட்டவர்களுக்குத் தாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா என்ற கேள்வி எல்லாப் பதிப்பாளருக்கும் உரியதே ஆயினும், மேஜையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கு விதிநூல் வெளியிடுகிறவர்களின் சரித்திரத்தில் அது எழுந்திருக்கிற அளவு தெளிவாக வேறெங்கும் எழுந்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த விளையாட்டைக் கண்டிராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் சூத்திரதாரியின் ஸ்தானத்தை ஏற்று, ஒரு பாழடைந்த கோட்டையையோ, இருண்ட காட்டுவழியையோ, பூதம் காக்கும் புதையலையோ வருணிக்கிறார்; மற்றவர்கள் வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, தாங்கள் செய்யப்போவதை வாய்மொழியாகவே சொல்கிறார்கள்; செய்ய நினைத்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. ஜெயிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. ஓர் இரவில் முடியாத கதை அடுத்த வாரத்துக்கும், சில குழுக்களில் அடுத்த பத்தாண்டுக்கும் நீண்டுபோகிறது. காப்பீட்டுக் கம்பெனி உத்தியோகத்தை இழந்து செருப்புத் தைத்துப் பிழைத்த கேரி கைகாக்ஸ் என்பவரும், மின்னஸோட்டா மாகாணத்தில் தம் சிநேகிதர்களோடு இத்தகைய ஆட்டமொன்றை நடத்திவந்த டேவ் ஆர்னஸன் என்ற இளைஞரும் சேர்ந்து இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', 1974ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக, 10 டாலர் விலையில், 1,000 பிரதிகள் வெளிவந்தது. வெளியிட்ட ஸ்தாபனத்தின் பெயர் டி.எஸ்.ஆர்.; அதற்கு முந்திய வருஷந்தான் கைகாக்ஸும் டான் கே என்ற நண்பரும் அதைத் தொடங்கியிருந்தார்கள். இத்துறை முழுவதும் அந்தப் பெட்டியிலிருந்து கிளைத்தது.

இத்தொழிலுக்குப் பிறவியிலேயே ஒரு சங்கடம் உண்டு. நாவலை வாங்கியவர் அதைப் படித்து முடித்ததும் அடுத்த நாவலைத் தேடிக்கொண்டு கடைக்கு வருகிறார். பஞ்சாங்கம் வாங்கியவர் வருஷம் பிறந்ததும் தாமே வருகிறார். விதிநூலை வாங்கியவருக்கோ அது ஆயுள் முழுவதும் போதும். 1981ஆம் ஆண்டில் டாம் மோல்ட்வே செப்பனிட்டுத் தந்த ஆரம்பப் பெட்டியின் விதிநூல் 64 பக்கங்களே கொண்டது. அதையும் ஒரு பிடி பகடைகளையும் வைத்துக்கொண்டு, மேற்கொண்டு ஒரு காசும் செலவழிக்காமல், கற்பனை வளமுள்ள ஒரு குழு முப்பது வருஷம் ஆடிவிட முடியும். அதுவும் ஆறு பேர் கூடும் மேஜைக்கு ஒரு பிரதி இருந்தால் போதுமானது. ஆகவே பதிப்பாளர்கள் ஆரம்ப முதலே இரண்டு உபாயங்களைக் கைக்கொண்டார்கள்: ஏற்கெனவே வாங்கியவருக்குத் துணைநூல்களை மேன்மேலும் விற்பது ஒன்று, சில ஆண்டுகளுக்கொரு முறை விதிகளையே திருத்திப் புதுப் பதிப்பென்று வெளியிட்டு, பழையதை வைத்திருப்பவரைப் புதியதை வாங்கச் செய்வது மற்றொன்று. இந்த இரண்டும் மேஜையில் இப்போது உட்கார்ந்திருப்பவரையே நோக்கியவை. எழுந்து போனவரைத் திரும்பிப் பார்ப்பதற்கு இவற்றில் இடமில்லை.

எழுந்து போனவர் ஏன் போனார் என்பதைச் சற்று நின்று யோசிக்கவேண்டும், ஏனெனில் என் பேச்சின் ஆதாரம் அதில்தான் இருக்கிறது. ஒரு பத்திரிகைச் சந்தாதாரர் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால், பத்திரிகையின்மேல் அவருக்கு விருப்பம் குறைந்துவிட்டது என்று ஆசிரியர் எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. இவ்விளையாட்டை ஒருவர் விடுவதற்கு அவருடைய விருப்பம் குறைந்திருக்க வேண்டுமென்பதில்லை. பள்ளி நாட்களில் ஐந்து பேர் கூடி ஆடுகிறார்கள், ஒருவன் வேறு மாகாணத்துக் கல்லூரிக்குப் போகிறான், ஒருவன் பட்டாளத்தில் சேருகிறான், ஒருத்திக்கு விவாகமாகிறது, சூத்திரதாரியாக இருந்தவனுக்கு இரவு நேர உத்தியோகம் கிடைக்கிறது, எஞ்சிய ஒருவர் என்ன செய்வார்? நம் ஊர்த் தெருவில் மார்கழி மாதத்துப் பஜனை கோஷ்டி கலைந்துபோனால், பாடியவர்களுக்குப் பக்தி போய்விட்டதென்று யாரும் சொல்வதில்லை. மிருதங்கக்காரர் மாற்றலாகிப் போனார், முன்பாட்டுப் பாடியவருக்குத் தள்ளாமை வந்துவிட்டது என்றுதான் சொல்லுகிறோம். அதே ஜனங்கள் வேறோர் ஊரில் ஜால்ராச் சத்தம் கேட்டால் தாமாகவே வாசலில் வந்து நிற்பார்கள். இவ்விளையாட்டை விட்டவர்களும் பெரும்பாலும் அத்தகையவர்களே. அவர்கள் சலித்துப் போனவர்கள் அல்லர். கூட்டம் கலைந்ததால் கலைந்தவர்கள். புத்தகங்களைக்கூட அவர்கள் எறிந்துவிடுவதில்லை. வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பெட்டியும் கூடவே மாறுகிறது.

மற்ற வியாபாரங்களில் போன வாடிக்கைக்காரரைத் திரும்ப அழைப்பதற்கு அவருடைய மனத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. இங்கே மனம் மாறவே இல்லை. சந்தர்ப்பத்தை உண்டாக்கிக் கொடுத்தால் போதும். அன்றியும், திரும்பி வருகிறவர் தனியாக வருவதில்லை. பழைய புத்தகங்களை வைத்திருப்பவர் அநேகமாக முன்பு ஆட்டத்தை நடத்தியவராக, அந்த வட்டாரத்தில் 'டஞ்சன் மாஸ்டர்' என்று சொல்லப்படுகிறவராக இருப்பார். புத்தகம் வாங்கும் செலவையும் வரைபடம் எழுதும் சிரமத்தையும் குழுவில் அவரே ஏற்பது வழக்கம். அவர் மீண்டும் மேஜையை விரித்தால் நாலு பேருக்கு ஆட்டம் கிடைக்கிறது. இத்துறையில் ஆடவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குக் குறைவில்லை. நடத்துகிறவர்களுக்குத்தான் எப்பொழுதும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தைத் தீர்க்கக்கூடியவர்கள், தொழிலைக் கற்றுத் தேர்ந்து, இருபது முப்பது ஆண்டுகளாகச் சும்மா இருக்கிறார்கள்.

டி.எஸ்.ஆர். ஸ்தாபனம் இதைக் காணவில்லை. 1980களின் இறுதி தொடங்கி அது கற்பனை உலகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படைத்துத் தள்ளியது: 1987இல் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்', 1989இல் 'ஸ்பெல்ஜாமர்', 1990இல் 'ரேவன்லாஃப்ட்', 1991இல் 'டார்க் சன்', 1994இல் 'பிளேன்ஸ்கேப்', 1995இல் 'பர்த்ரைட்'. ஒவ்வொன்றும் அழகிய படைப்பு. கலைஞர்கள் உயிரைக் கொடுத்து எழுதியும் வரைந்தும் இருக்கிறார்கள். ஆனால் ஓர் உலகத்தில் ஆடுகிறவர் மற்றோர் உலகத்தின் புத்தகங்களை வாங்கவேண்டிய அவசியமில்லையாதலால், இருந்த வாடிக்கைக்காரர்களே சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்துபோனார்கள். வெளியே போனவரோ, கடையில் அலமாரி நிறைய அடுக்கியிருந்த அந்தப் புத்தகங்களுள் தமக்குரியது எதுவென்று அறியாமல் திகைத்திருப்பார். விற்காத புத்தகங்கள் விநியோகஸ்தரிடமிருந்து திரும்பி வந்தன. அச்சகத்துக்குப் பணம் கொடுக்க முடியாமல் 1996ஆம் ஆண்டின் இறுதியில் புத்தகங்கள் அச்சேறுவதே நின்றது. 1997இல் ஸியாட்டில் பக்கத்திலிருந்த 'விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்ற கம்பெனி டி.எஸ்.ஆரை விலைக்கு வாங்கியது. வாங்கும் தறுவாயில் கணக்கு வழக்குகளைப் பரிசீலித்த ரையன் டான்ஸி என்பவர் பின்னர் எழுதியிருப்பதில் ஒரு விஷயம் நம் கவனத்துக்குரியது: பேரேடுகள், குறிப்பேடுகள், கணிப்பொறிக் கோப்புகள் எல்லாவற்றையும் துருவிப் பார்த்தும், வாடிக்கைக்காரர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று அந்த ஸ்தாபனம் விசாரித்ததற்கான தடயம் ஒன்றைக்கூட அவர் காணவில்லையாம்.

குறையை உணர்ந்த புதிய உரிமையாளர்கள் 1999இல் விரிவான ஆய்வொன்றை நடத்தினார்கள். அதன் சுருக்கம் மறு வருஷம் வெளியாயிற்று. அமெரிக்காவில் மாதந்தோறும் இவ்வகை விளையாட்டுகளை ஆடுபவர்கள் சுமார் 22,50,000 பேர் என்று அது மதிப்பிட்டது. நல்ல காரியந்தான்; அதுவரையில் இத்துறையில் எவரும் செய்யாத காரியம். ஆனால் அந்த ஆய்வு விசாரித்தது 12 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களை மாத்திரமே. 35 வயதைக் கடந்தவர்களும் ஆடுகிறார்கள் என்பதை ஆய்வாளர்களே அறிந்திருந்தும், ஆய்வு அடங்காமல் பெருகிவிடக் கூடாதென்று அவர்களை விட்டுவிட்டார்கள். 1974இல் 12 வயதுச் சிறுவனாக முதற்பெட்டியை வாங்கியவனுக்கு 1999இல் 37 வயது. 1978இல் 'பிளேயர்ஸ் ஹாண்ட்புக்' என்ற விதிநூல் வெளிவந்தபோது கல்லூரி மாணவராக இருந்தவருக்கு நாற்பதை நெருங்கிய வயது. அதாவது, இத்தொழிலைக் காசு கொடுத்து உண்டாக்கிய முதல் தலைமுறை, அது எண்ணப்பட்ட முதல் சந்தர்ப்பத்திலேயே எண்ணிக்கைக்குப் புறம்பாகிவிட்டது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. செலவுக்கும் காலத்துக்கும் எல்லை வைத்துத்தான் எந்த ஆய்வையும் நடத்தமுடியும். ஆயினும் எண்ணப்படாதவர்களுக்கு அடுத்து வரும் திட்டங்களில் இடம் கிடைப்பதில்லை என்பது எந்த நிர்வாகத்திலும் கண்கூடு.

2000ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அதனோடு இரண்டு நற்காரியங்கள் நடந்தன. பழைய பாத்திரங்களைப் புதிய விதிகளுக்கு மாற்றிக்கொள்ள வழிசொல்லும் சிறு ஏடொன்றை ஸ்தாபனம் இலவசமாகத் தந்தது. விதிகளின் சாரத்தை எவரும் எடுத்தாண்டு தம் சொந்த நூல்களை வெளியிடலாம் என்று 'ஓப்பன் கேம் லைசென்ஸ்' என்ற பகிரங்க உரிமமும் அளிக்கப்பட்டது. இரண்டாவதன் விளைவு எவரும் எதிர்பாராத திசையில் போயிற்று. அதைச் சிறிது நேரத்தில் சொல்லுகிறேன். 2003இல் திருத்தப் பதிப்பு. 2008இல் நான்காம் பதிப்பு. இந்த நான்காம் பதிப்பில் விதிகளின் அமைப்பு அடியோடு மாறிவிட்டபடியால், பழைய பாத்திரங்களை மாற்றிக் கொண்டுவருவதைவிடப் புதிதாகத் தொடங்குவதே நலமென்பது வெளியிட்டவர்களின் யோசனையாக இருந்தது. பத்து வருஷமாக ஒரு கதையை வளர்த்து வந்தவரிடம் இப்படிச் சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்! 2009 ஏப்ரல் மாதத்தில், சட்டவிரோதப் பிரதிகளுக்கு அஞ்சி, பழைய நூல்களின் மின்பதிப்புகள் அனைத்தையும் விற்பனையிலிருந்து ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். அச்சில் இல்லாத புத்தகம் மின்வடிவிலும் இல்லாமற் போயிற்று. தம் பால்யத்துப் புத்தகத்தை மறுபடி காசு கொடுத்தே வாங்க விரும்பியவருக்கு, பழைய புத்தகக் கடையை நாடுவதன்றி நேர்மையான வழி வேறிருக்கவில்லை.

ஒதுக்கப்பட்டவர்கள் சும்மா இருந்தார்களா? இங்கேதான் சரித்திரம் சுவைபெறுகிறது. 2000இல் வழங்கிய அந்தப் பகிரங்க உரிமத்தை ஆதாரமாகக் கொண்டு, 1970களின், 1980களின் தொடக்கத்து விதிகளுக்கு இணையான விதிகளை அவர்கள் தாங்களே திரட்டி எழுதத் தலைப்பட்டார்கள். 2006இல் 'ஆஸ்ரிக்', 2007இல் 'லாபிரிந்த் லார்ட்', 2008இல் 'ஸ்வார்ட்ஸ் அண்ட் விஸர்ட்ரி' என்று வரிசையாக வந்தன. இவற்றைச் செய்தவர்கள் பெருமுதலாளிகள் அல்லர். பகலில் வேறு வேலை பார்த்து இரவில் இதற்கு உழைத்தவர்கள். பழைய பாணி மறுமலர்ச்சி என்று இன்று பேர்பெற்றிருக்கும் இவ்வியக்கத்தில், 2019இல் வெளிவந்த 'ஓல்ட் ஸ்கூல் எஸென்ஷியல்ஸ்' என்ற நூல், மோல்ட்வே முதலியோரின் 1981ஆம் ஆண்டு விதிகளை ஒரு வார்த்தைகூட மிகையின்றிச் சீராக அடுக்கித் தந்து, அவ்விதிகள் வெளியானபோது பிறந்தேயிராத இளைஞர்களையும் கவர்ந்துகொண்டது. மூன்றாம் பதிப்பில் பழகிய மற்றொரு பெருங்கூட்டத்தைப் 'பாய்ஸோ' என்ற கம்பெனி, அவர்கள் அறிந்த விதிகளையே செப்பனிட்டு, 2009இல் 'பாத்ஃபைண்டர்' என்ற பெயரால் வெளியிட்டுத் தன் பக்கம் அழைத்துக்கொண்டது. வாடிக்கைக்காரர் போய்விட்டார் என்று மூலப் பதிப்பாளர் கணக்கை முடித்த இடத்தில், பிறர் கடை விரித்து வியாபாரம் செய்தார்கள் என்பதைவிட, அவர் போகவே இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

2012இல் விஸார்ட்ஸ் கம்பெனி வழியை மாற்றிக்கொண்டது; அதை மனமாரப் பாராட்டுகிறேன். அவ்வாண்டு கைகாக்ஸ் இயற்றிய முதற்பதிப்பு நூல்களை மறு அச்சாக வெளியிட்டு, வருமானத்தில் ஒரு பகுதியை அவருடைய நினைவுச் சின்னத்துக்கென ஒதுக்கினார்கள். 2013இல் பழைய நூல்களின் மின்பதிப்புகள் மீண்டும் விற்பனைக்கு வந்தன. அடுத்த பதிப்பின் வரைவை வெளியிட்டு, ஆடிப்பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார்கள். எந்தப் பதிப்பில் பழகியவராயினும் சொல்லலாம் என்று கதவைத் திறந்துவிட்டதுதான் அதில் விசேஷம். 1,75,000 பேருக்கு மேல் அந்தப் பரீட்சையில் கலந்துகொண்டார்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைத்தன. 1983இல் டிரேஸி, லாரா ஹிக்மன் தம்பதியர் எழுதிய, முற்சொன்ன உலகத்துக்குப் பெயர் தந்த 'ரேவன்லாஃப்ட்' என்ற சாகசத்தை, அதாவது மேஜையில் ஆடுவதற்கென்று எழுதிய கதையை, விரித்து 2016இல் 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' என்றும், வெவ்வேறு காலத்துப் புகழ்பெற்ற சாகசங்கள் ஏழைத் திரட்டி 2017இல் 'டேல்ஸ் ஃப்ரம் தி யானிங் போர்ட்டல்' என்றும் வெளியிட்டார்கள். நாற்பது வயதைக் கடந்த ஒருவர் கடைக்குள் நுழைந்து, தாம் பதினைந்து வயதில் ஆட்டத்தில் நுழைந்து மாண்டுபோன கல்லறையொன்றின் பெயரைப் புத்தக அட்டவணையில் காண்கிறபோது, அவரைப் பேர்சொல்லி அழைத்ததுபோல் ஆகிறது.

ஐந்தாம் பதிப்பின் பெருவெற்றிக்குக் காரணம் இளைஞர்களே, பழையவர்கள் அல்லர் என்று ஒரு ஆட்சேபம் எழலாம். அதில் பெரும்பகுதி வாஸ்தவம். 2015இல் ஆரம்பித்த 'கிரிட்டிகல் ரோல்' என்ற இணைய நிகழ்ச்சியில் குரல் நடிகர்கள் ஆடுவதைப் பார்த்தே புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். எண்ணிக்கையால் மட்டும் பார்த்தால் திரும்பி வந்தவர்கள் சிறுபான்மையினராகவே இருக்கக்கூடும். ஆயினும் 2016இல் வெளியான 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரின் கதை 1983இல் தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். அதில் நிலவறையில் உட்கார்ந்து இவ்விளையாட்டை ஆடிப் பகடை உருட்டும் சிறுவர்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களின் பெற்றோர்களே அல்லவா! 'இது என்ன விளையாட்டு?' என்று பிள்ளை கேட்ட வீடுகளில், பதில் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்திலேயே இருந்த சந்தர்ப்பங்கள் எத்தனையோ இருந்திருக்கும். அவரை எண்ணிக்கையில் வெறும் ஒருவராகக் கொள்வது சரியன்று என்பது என் கட்சி.

மற்றோர் ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. பழையவர்கள் பிடிவாதக்காரர்கள், எதை மாற்றினாலும் குறை சொல்வார்கள், அவர்களுக்குச் செவிசாய்த்தால் கலை வளராது என்பார்கள். இங்கே இருவகையினரைப் பிரித்தறியாததால்தான் குழப்பம் நேருகிறது. பழைய பதிப்பை விடாமல் ஆடிக்கொண்டு, புதியதை எதிர்த்து உரத்துப் பேசுகிறவர் ஒரு வகை. அவர் விட்டுப்போனவரே அல்லர். ஆட்டத்துக்குள்ளேயே இருப்பவர், தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர். நான் பேசுவது மௌனமாக விலகிப்போன மற்றவரைப் பற்றி. அவருக்கு எந்தப் பதிப்பிலும் துவேஷம் இல்லை. எத்தனை பதிப்புகள் வந்தன என்றே தெரியாது. குறை சொல்லிக் கடிதம் எழுதமாட்டார். தெரிந்துகொள்ள வேண்டியது மிகையாகப் பெருகிவிட்டதென்று எண்ணி, கடையின் வாசலிலேயே நின்று திரும்பிவிடுவார். முன்னவரின் கூக்குரலைக் கேட்டு அஞ்சிப் பின்னவரையும் புறக்கணிப்பது விவேகமாகாது.

பின்னவரை எப்படி அழைப்பதென்பதற்கு இத்துறையிலேயே நல்ல முன்மாதிரிகள் உண்டு. கிரெக் ஸ்டாஃபோர்ட் 1975இல் கலிஃபோர்னியாவில் நிறுவிய 'கேயாஸியம்' கம்பெனியின் 'கால் ஆஃப் குதுல்ஹு' 1981இல் வெளிவந்தது. பதிப்புகள் பல மாறியும் அதன் விதிகளின் எலும்புக்கூடு மாறவில்லை. 1984இல் வெளிவந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோடெப்' என்ற அதன் பெருஞ்சாகசம், விரித்தெழுதப்பட்டு 2018இல் மீண்டும் வந்தது. பழைய பிரதியை வைத்திருப்பவரும் புதிய பிரதியை வாங்கியவரும் ஒரே மேஜையில் பேசிக்கொள்ள முடிகிறது. முப்பது வருஷத்துக்குப் பிறகு திரும்பி வருகிறவருக்கு இதைவிடப் பெரிய உபசாரம் இல்லை. 2015இல் ஸ்டாஃபோர்ட் அக்கம்பெனிக்குத் திரும்பிய பின்னர், அதன் மற்றொரு பழம் படைப்பாகிய 'ரூன்குவெஸ்ட்' விளையாட்டின் இரண்டாம் பதிப்பை வாசகர்களிடமே முன்பணம் திரட்டி மறு அச்சாக்கினார்கள். 2018இல் புதிய பதிப்பைச் செய்தபோது, இடையில் வந்தவற்றை விட்டுவிட்டு அந்த இரண்டாம் பதிப்பையே அஸ்திவாரமாகக் கொண்டார்கள். அலமாரியில் தூங்கிக்கிடந்த பழைய துணைநூல்கள் மீண்டும் உபயோகத்துக்கு வந்தன. 'ஒயிட் உல்ஃப்' கம்பெனியின் அனுபவம் மறுபுறத்தைக் காட்டுவது. 1991இல் தொடங்கிய 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' விளையாட்டின் உலகத்தை 2004இல் அவர்கள் பிரளயம் வரவழைத்து முடித்தே விட்டார்கள், அதனிடத்தில் வேறொன்றை வைத்தார்கள். ஆனால் 2011இல் இருபதாம் ஆண்டு நிறைவுக்கென்று பழைய உலகத்தையே ஒரு பெருநூலாக மீட்டு வெளியிட்டபோது, வாசகர்கள் அதை வரவேற்ற உற்சாகத்தில், அவ்வரிசையில் நூல்கள் தொடர்ந்து வெளிவரலாயின. முடிந்துபோனதென்று பதிப்பாளர் அறிவித்தது, வாசகர் மனத்தில் முடியாமல் இருந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 'குட்மன் கேம்ஸ்' என்ற சிறு கம்பெனியாருடையது. கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்' என்ற சாகசம், முன்னாளில் ஆரம்பப் பெட்டியோடு சேர்த்தே விற்கப்பட்டபடியால், ஒரு தலைமுறைக்கு அதுவே முதற்பாடம். 2018இல் அக்கம்பெனியார் உரிமம் பெற்று அதை வெளியிட்டபோது, மூலநூலின் பழைய பக்கங்களை உள்ளபடியே ஒளியச்சில் எடுத்து முற்பகுதியில் வைத்து, அதையே ஐந்தாம் பதிப்பின் விதிகளுக்கு இசைய விரித்தெழுதிப் பிற்பகுதியில் சேர்த்து, இரண்டையும் ஒரே கட்டில் தந்தார்கள். தந்தை முற்பகுதியைப் புரட்டுவார். மகள் பிற்பகுதியைக் கொண்டு ஆட்டத்தை நடத்துவாள். புத்தகம் கட்டத் தெரிந்தவர்கள் வாசகரின் வாழ்க்கையையும் யோசித்துக் கட்டிய புத்தகம் அது.

இனிப் பதிப்பாளர்கள் செய்யத்தக்கனவாக எனக்குத் தோன்றுவனவற்றைச் சொல்லுகிறேன். பழைய நூல் எதையும் கிடைக்காமற் போகவிடக் கூடாது. கேட்டபோது ஒற்றைப் பிரதியை அச்சிட்டுத் தரும் முறை இன்று வந்துவிட்டபடியால் இதற்கு முதல் முடக்கம்கூட இல்லை. புதுப் பதிப்பு வரும்போதெல்லாம், முந்தியதில் பழகியவருக்கு எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்பதை இரண்டே பக்கங்களில் சொல்லும் ஏடொன்று கூடவே வரவேண்டும். 2000இல் செய்தது இதற்கு நல்ல தொடக்கம். ஓராண்டு நீளும் சாகசங்களோடு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வருகிறவர் இரண்டு மணி நேரத்தில் ஆடி முடிக்கக்கூடிய சிறு சாகசங்களையும் சரிசமமான சிரத்தையோடு எழுதுவிக்க வேண்டும். எழுத்தின் அளவையும் கவனிக்க வேண்டும். 1983இல் 12 வயதில் ஆரம்பப் பெட்டியை வாங்கியவருக்கு இன்று ஐம்பதுக்கு மேல் வயது. வண்ணப் படத்தின்மேல் பொடி எழுத்தை அச்சிட்டு, மேஜை விளக்கின் மங்கலில் அதைப் படிக்கச் சொல்வது அவரை வேண்டாமென்று சொல்வதற்கு ஒப்பாகும். இந்த வயதில் அவர் வீட்டுப் பிள்ளைகளும் படிப்புக்கோ வேலைக்கோ வெளியேறத் தொடங்கியிருப்பார்கள். இருபதாவது வயதில் இழந்த மாலைப்பொழுதுகள் அவருக்குத் திரும்பக் கிடைக்கிற காலம் இதுவே.

ஆடாமல் படிக்க மாத்திரம் வாங்குகிறவரையும் மதிக்கவேண்டும். குழு கலைந்த பிறகும், ஒரு கற்பனை உலகத்தின் பூகோளத்தையும் அரச வம்சங்களையும் நாவல் படிப்பதுபோல் தனியே உட்கார்ந்து படித்துச் சந்தோஷப்படுகிறவர்கள் பலர். அவர்களைப் பயனில்லாத வாடிக்கையென்று நினைப்பது தவறு. நல்ல வசனத்தில் எழுதப்பட்ட விதிநூல் அவர்களைத் தக்கவைத்திருக்கிறது. என்றைக்காவது நாலு பேர் சேர்ந்தால், நடத்தத் தயாராக இருப்பவர் அவரே.

எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டுவது கூட்டாளிகள். புத்தகம் இருக்கிறது, ஆசை இருக்கிறது, ஆள் இல்லை என்பதுதான் திரும்பி வர விரும்புகிறவரின் உண்மையான இடர். 2010இல் விஸார்ட்ஸ் கம்பெனி, புதன்கிழமை மாலைகளில் விளையாட்டுக் கடைகளிலேயே மேஜை போட்டு, வந்தவர்களைச் சேர்த்து ஆட்டம் நடத்தும் ஏற்பாடொன்றைத் தொடங்கியது; 2014 முதல் வேறு பெயரில் அத்தகைய ஏற்பாடு தொடர்ந்தது. அறிமுகமில்லாதவர்கள் சேர்ந்து ஆட வழிசெய்யும் அந்த முயற்சி மிகவும் சிலாக்கியமானது. ஆயினும் நடப்புப் பதிப்பை விற்பதே அதன் நோக்கமாக இருந்தபடியால், அங்கே ஆடியது அந்தப் பதிப்பைத்தான். மாதத்தில் ஒரு புதன்கிழமையாவது, எந்தக் காலத்துப் புத்தகத்தைக் கையில் கொண்டுவந்தாலும் அதைக் கொண்டே அன்றைய ஆட்டத்தை நடத்தலாம் என்று ஒரு மேஜையைத் தனியே ஒதுக்கி, அச்செய்தியைக் கடை வாசலில் எழுதிவைக்க வேண்டுமென்று இத்துறைப் பதிப்பாளர்களை நான் கேட்டுக்கொள்கிறேன்.